வடக்குச் சித்திரை வீதியில் இருபத்தெட்டுக் கட்டில்கள்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்று இப்போதைய காரியதரிசி எனக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். கண் முகாமுக்கு இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, டாக்டருக்கு ரயிலடியில் வண்டி நிறுத்துவது. அதெல்லாம் இரண்டு முகாம் பார்த்தால் கை பழகிவிடும். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாங்கள் செய்த மடத்தனங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். அவற்றை நீங்களாகக் கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆகும். அவ்வளவு நாள் உங்களுக்கு எதற்கு?

ஐம்பதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. திருச்சியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. பி.ஏ. படித்திருந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் சும்மா இருக்கத் தெரியாது. சங்கத்தில் சேர்ந்த மூன்றாவது மாதமே என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். என் திறமையைப் பார்த்து அல்ல, கூட்டத்தில் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்பதால். காரியதரிசியானால் மற்றவர் பேசுவதை எழுத வேண்டும் அல்லவா.

எழுதிக்கொண்டே பேசினேன். நான் கொண்டுவந்த முதல் தீர்மானம் இது: பார்வை இல்லாதவர்களுக்கு உதவப்போகும் நாம், அந்தக் கஷ்டம் என்னவென்று முதலில் அனுபவித்துப் பார்க்க வேண்டும். ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு காந்தி மார்க்கெட்டை ஒருமுறை குறுக்கே கடக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடந்தோம். எங்கள் தலைவர் அதே மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். வாசனையைப் பிடித்துக்கொண்டே தன் மண்டிக்குப் போய்விடுவேன் என்று சவால் விட்டு, போயும் சேர்ந்தார். சேர்ந்தது அடுத்தவர் மண்டி. அங்கே திண்டில் சாய்ந்துகொண்டு, சரக்கு அழுகிப் போவதைப் பற்றி அந்த மண்டிக் கணக்குப்பிள்ளையைப் பத்து நிமிஷம் திட்டித் தீர்த்தார். அந்த மனிதரும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். வக்கீல் உறுப்பினர் ஒருவர் கைக்கு அகப்பட்ட பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது ஒரு மாட்டுவண்டியின் பின்பலகை. வக்கீலைப் பாலக்கரையில் போய்க் கண்டுபிடித்தோம்.

அங்கே நின்றுகொண்டிருந்த ஊதுவத்தி வியாபாரி ஒருவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், என்ன இத்தனை சத்தம் என்று என்னைக் கேட்டார். நான் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டை எப்ப வேணா அவுத்துக்கலாம்ல?" என்றார். அவிழ்க்கலாம் என்றேன். "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டக் குறிப்பில் நிகழ்ச்சி பெருவெற்றி என்று எழுதினேன். இப்படிப்பட்டவன்தான் அடுத்த சித்திரையில் கண் முகாம் ஏற்பாட்டைக் கையில் எடுத்தேன்.

கண்புரை சிகிச்சை அப்போது இப்போதுபோல் அரை மணியில் எழுப்பி வீட்டுக்கு அனுப்புகிற சமாசாரம் அல்ல. கத்தி வைத்தபின் இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, ஐந்து நாள் மல்லாந்தபடி அசையாமல் படுக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது. தலையைத் தூக்கினால் புண் திறந்துகொள்ளும், கண் போய்விடும்.

என் யோசனை இதுதான். சித்திரைத் தேருக்குச் சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வரும். கண் தெரியாத பெரியவர்களையும் கூட்டி வருவார்கள். நாம் ஏன் ஊர் ஊராக அலைய வேண்டும்? தேருக்கு மூன்று நாள் முன்பு முகாம் போடுவோம். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு சத்திரம் சும்மாவே கிடைத்தது. கமிட்டி கைதட்டியது. அந்தக் கமிட்டியில் இருந்த பதினோரு பேரும் பிறந்ததிலிருந்து அந்தத் தேரைப் பார்த்தவர்கள். அது எந்தெந்த வீதி வழியாகப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே.

டாக்டர் மதராஸிலிருந்து வந்தார். வாட்டசாட்டமான மனிதர், கை மட்டும் பூப்போல. இரண்டு நாளில் இருபத்தெட்டுப் பேருக்குச் சிகிச்சை முடித்தார். கயிற்றுக் கட்டில்கள் மேல் பலகை போட்டு வரிசையாகப் படுக்க வைத்தோம். தலைவர் மேல் வெங்காய வாசனை இருந்ததால், நோயாளிகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று அவரை உள்ளே விடவில்லை. சங்கத் தலைவர் தன் முகாமை வாசல்படியில் நின்றே நடத்தினார்.

ஏழாம் நம்பர் கட்டிலில் மருதை. அறுபது தாண்டிய மனிதர். நாற்பது வருஷம் இதே தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகி அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த வேலை. கை தவறினால் கால் போய்விடும். ஒரு கண் முன்பே அடியோடு போய்விட்டது. மற்றதில் புரை முற்றியதும் வேலையை விட்டிருந்தார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மற்றவர்களுக்காவது இன்னொரு கண் இருக்கிறது, இவருக்கு இது ஒன்றுதான், ஏழாம் நம்பரை விசேஷமாகப் பார்த்துக்கொள் என்றார்.

தேருக்கு முதல் நாள் சாயங்காலம் டாக்டர் வாசலுக்கு வந்தார். நாங்கள் மோர்ப்பந்தல் போட்டிருந்தோம். பானைகள் குளிர்ந்திருக்க வேண்டும் என்று தெரு ஓரமாக நீளமாகக் குழி வெட்டி, மணல் பைகளுக்குக் கொண்டுவந்ததில் மிஞ்சிய காவேரி மணலைக் கொட்டி ஈரமாக்கி, அதில் பானைகளைப் பதித்திருந்தோம். என் யோசனைதான்.

"இதெல்லாம் என்னத்துக்கு, மிஸ்டர் செக்ரட்டரி?"

"நாளைக்குத் தேர், டாக்டர்."

"எங்க?"

"இங்கதான். வாசல்ல."

டாக்டர் தெருவைப் பார்த்தார். உள்ளே கட்டில்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே போனால் விஷயம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டுப் பேரும் நாளைக் காலைக்காகத்தான் காத்திருந்தார்கள். எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார், பிறகு சத்தமாகச் சொன்னார். லால்குடிப் பக்கம் பொரி விற்கும் அம்மாள் ஒருத்தி, மூன்றாம் நம்பர், எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். ரெண்டு நிமிஷம் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வோம், அதற்குமேல் ஐயா சொல்கிறபடி கேட்கிறோம் என்றாள். பெருமாள் வாசலுக்கு வரும்போது வீதியைப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்திருக்க அவளால் ஆகாது.

காலை நீட்டியிருப்பதுதான் குற்றம் என்றால் திருப்பிவிடுவோம் என்று நான் பாய்ந்தேன். கட்டிலுக்கு நான்கு பேராக, பல்லக்குத் தூக்குவதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபத்தெட்டையும் தலைமாடு தெருப்பக்கம் வரும்படி திருப்பினோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் மூன்றாம் நம்பர் கேட்டாள்: "இப்ப காலு எந்தப் பக்கம் இருக்கு?" சத்திரத்தின் வாசல் வடக்கே வீதியைப் பார்த்தது. முதுகுப்புறம் தெற்கே கோயில். முன்பு கால் தேருக்கு நேராக இருந்தது, இப்போது மூலஸ்தானத்துக்கு நேராக.

ஆகவே குறுக்கே போட்டோம். கிழக்கு மேற்காக. கூடத்தில் நடக்க இடமில்லாமல் போயிற்று. டாக்டர் அன்றிலிருந்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துதான் நோயாளிகளைப் பார்த்தார்.

அதற்கும் அவர்கள் மசியவில்லை. வாசல்படியிலிருந்து தலைவர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "ஏம்மா, உள்ளே ரங்கநாதரே படுத்துக்கிட்டுதானே இருக்காரு. நீங்க படுத்திருந்தா அவரு கோவிச்சுக்குவாரா?"

"அவரு வீட்டுல அவரு படுத்திருக்காரு. தேர்ல வரும்போது எந்திரிச்சு நின்னுக்கிட்டுதானே வர்றாரு? சாமி நிக்கும், நான் படுத்துக்கிறதா?" என்றாள் மூன்றாம் நம்பர்.

தலைவர் மோர் குடிக்கப் போய்விட்டார்.

விடிந்தது. முதல் வேலையாகக் கோயில் ஆட்கள் வந்து பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று பிரிக்கச் சொன்னார்கள். பானைகளை எடுத்து உள்ளே வைத்து, குழி மேல் மணலைத் தள்ளி மட்டமாக்கி, துடைப்பத்தால் பெருக்கியும் விட்டோம். பார்வைக்குத் தெரு மாதிரியே இருந்தது.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. தேர் எங்காவது முனையில் சிக்கி நிற்பது வருஷா வருஷம் நடப்பதுதானே. கீழவீதியில் கிளம்பியது தெற்கு வீதி திரும்பும்போது சிக்கிக்கொண்டது, அச்சில் கோளாறு, சாயங்காலம்வரை நகராது என்று சொல்லிவிடலாம். வீதியில் கேட்கும் சத்தத்துக்குப் பஜனை கோஷ்டி என்று சொல்லலாம். கண் கட்டியிருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டர் சற்று யோசித்துவிட்டு, வேறு வழி இல்லை, சொல் என்றார். சொன்னேன். அழகாகவே சொன்னேன், அச்சில் எந்த இடத்தில் விரிசல் என்பதுவரை. கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அரை மணி கழித்து ஏழாம் நம்பர் விரலை மட்டும் அசைத்து என்னைக் கூப்பிட்டார். காதைக் கொண்டுபோனேன்.

"தம்பி, தேரு நிக்கல. மேலவீதில வந்துக்கிட்டிருக்கு. வலப்பக்கச் சக்கரம் முனகுது, இங்க கேக்குது."

நான் பஜனை என்று ஆரம்பித்தேன்.

"மத்தவங்களுக்குச் சொல்லுங்க, எனக்கு வேணாம். ஒண்ணு யோசிச்சீங்களா? வருதுன்னு தெரிஞ்சா மெதுவா எந்திரிப்பான். தெரியாம இருந்து, சங்கு ஊதி ரங்கா ரங்கான்னு வாசல்ல சத்தம் வந்துச்சுன்னா? அத்தனை பேரும் துள்ளி எந்திரிப்பான். எது மோசம்?"

இருபத்தெட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் துள்ளுவது கண்முன் தெரிந்தது. தேர் மேலவீதியில் இருக்கிறதென்றால் அரை மணியோ, அதற்கும் குறைவோ. அவர்களுக்குக் கண் கட்டியிருக்கிறது என்பதையே நான் சாதகமாக எடுத்துக்கொண்டு விளையாடியிருக்கிறேன். மார்க்கெட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவன் செய்கிற காரியமா இது? கூடத்தின் நடுவில் நிற்க இடமில்லாததால் இரண்டு கட்டிலுக்கு இடையே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, நான் சொன்னது பொய், தேர் வருகிறது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் திட்டினார்கள். மூன்றாம் நம்பர் என் படிப்பைப் பற்றி விசாரித்தாள். பி.ஏ. என்றதும், அதான் என்றாள். திட்டி முடித்ததும் அவள் கை மணல் பையைத் தடவிப் பார்ப்பதைக் கண்டேன். மற்றவர்களும் அதே. எல்லாரும் எழுந்திருக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பலகைகள் கிரீச்சிட்டன. டாக்டர் பக்கவாட்டில் ஓடி ஓடி ஒவ்வொரு தோளாக அழுத்தினார். ஒரு தோளை அழுத்தும்போது இன்னொன்று அசைந்தது.

சங்கு கேட்டது. நாகஸ்வரம் கேட்டது. தேர் எங்கள் வீதிக்குள் திரும்பிவிட்டது. கோஷம் நெருங்கி நெருங்கி வந்து, வாசலுக்கு நேரே ஒரு தொம்மென்ற சத்தம். தரை அதிர்ந்தது. பிறகு வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். தேரின் வலப்பக்க முன்சக்கரம் எங்கள் மோர்ப்பானைக் குழிக்குள் இறங்கியிருந்தது. மட்டமாகப் பெருக்கிவிட்ட ஈர மணல் அதில் கால்வாசியை விழுங்கியிருந்தது. தலைவர் குழிக்குப் பக்கத்தில் நின்று, இந்தக் குழி யாருடையது என்று தனக்கும் தெரியாத பாவனையில் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முட்டுக்கட்டைக்காரர்கள் ஓடிவந்து கட்டையைச் செருகினார்கள். கூட்டம் வடத்தை இழுத்தது. அச்சு அலறியது. சக்கரம் இன்னும் கொஞ்சம் இறங்கிற்று.

அந்த அலறலில்தான் உள்ளே விபரீதம் நடந்தது. எல்லாரையும்விட நிதானமாகப் படுத்திருந்த மருதை, "அந்தப் பக்கம் இல்லடா" என்று சொல்லிக்கொண்டே முழங்கையை ஊன்றிவிட்டார். மணல் பை கீழே விழுந்தது. நான் தாண்டிக் குதித்தேன். எனக்கு முன்பாக டாக்டர் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். தலை பலகையைவிட்டு இன்னும் எழும்பவில்லை, ஆனால் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"விடுங்க சாமி. கட்டையை வெளிப்பக்கம் வைக்கிறானுங்க. இன்னொரு இழுப்புல அச்சு முறிஞ்சிடும்."

"எந்திரிச்சா உன் கண்ணு போயிடும்யா."

"அத்தனை பேரு வடத்தைப் பிடிச்சிக்கிட்டிருக்கான். தேரு சாஞ்சா என் ஒரு கண்ணு என்னத்துக்கு?"

டாக்டர் கையை எடுக்கவில்லை. மருதையும் முழங்கையை எடுக்கவில்லை. இரண்டு பலசாலிகள், நடுவில் ஒரு கட்டுப் போட்ட கண். நான் வழக்கமாக யோசித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு அது உதவிற்று. "நீங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க பெரியவரே, நான் வாசல்ல போய்ச் சொல்றேன்" என்றேன்.

"சொல்லணும்னா எனக்குக் கேக்கணுமே. இங்க இத்தனை பலகை கிரீச்சுங்குது."

அப்போது கூடத்தைப் பார்த்துப் பேசினேன். இந்தமுறை எதையும் ஜோடிக்கவில்லை. தேர் நம் வாசலில் சிக்கியிருக்கிறது, குழி நாங்கள் வெட்டியது, மருதைக்குச் சக்கரம் கேட்டால்தான் அது நகரும், நீங்கள் அசைந்தால் அவருக்குக் கேட்காது. அவ்வளவுதான் சொன்னேன்.

கிரீச்சுகள் ஒவ்வொன்றாக நின்றன. மணல் பைகளைத் தடவிய கைகள் மார்பின்மேல் வந்து குவிந்தன. டாக்டர் மூன்று நாளாகக் கெஞ்சியும் கத்தியும் பெற முடியாத அசைவின்மை அங்கே வந்து படுத்துக்கொண்டது. கொஞ்சம் கழித்து மூன்றாம் நம்பர் உதட்டை மட்டும் அசைத்து, "மூச்சு விடலாமா?" என்று கேட்டாள். மெதுவாக விடலாம் என்றார் மருதை.

வெளியே ஆட்களிடம் நான் போய் உள்ளே மருதை இருக்கிறார் என்றதும் அவர்கள் முகமே மாறிவிட்டது. ஆனால் என் குரல் அந்தக் கூட்டத்தில் எடுபடவில்லை. சக்கரத்தடியில் குனிந்திருப்பவனுக்கும் வடத்தின் முன்கோடியில் இருப்பவனுக்கும் ஒரே சமயத்தில் கேட்கிற குரல் எங்களில் ஒருவருக்குத்தான் இருந்தது. தலைவரை வாசலில் கிடந்த ஒரு பெஞ்சின்மேல் ஏற்றினோம்.

மருதை காதால் பார்த்தார். டாக்டர் அவர் தலையைத் தேங்காய் மூடிபோல இரு கையில் ஏந்தியபடி நின்றார். மருதை சொல்லுவதை நான் வாசலுக்கு ஓடிச் சொன்னேன். நான் சொன்னதைத் தலைவர் வீதிக்குச் சொன்னார். உள்பக்கம் நாலு விரக்கடை தள்ளிக் கட்டை. பின்சக்கரத்துக்கு நெம்புகோல், ஆனால் இப்போது வேண்டாம், சொன்ன பிறகு. மணலை வாரு. பலகை செருகு. எங்கள் கட்டில் பலகைகளில் உபரியாக இருந்த இரண்டைக் கொடுத்தோம்.

தலைவருக்கு ஏலம் போட்டுப் பழகிய நாக்கு. "உள்பக்கம் நாலு விரக்கடை" என்று முழங்கியவர், வாய் தவறி, "ஒரு தரம்" என்றார். கூட்டம் வடத்தை இறுக்கிப் பிடித்தது. "ரெண்டு தரம்." உள்ளே மருதை, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு, இழுக்கச் சொல்லுங்க" என்றார். தலைவர் மூன்றாம் தரம் சொன்னதும் வீதியே இழுத்தது.

சக்கரம் குழியைவிட்டு ஏறிய சத்தம் எனக்கே கேட்டது. "ரங்கா" என்று எழுந்த கோஷத்தில் சத்திரத்து ஓடுகள் நடுங்கின. கூடத்தில் ஒரு தலைகூட எழும்பவில்லை. குவிந்த கைகள் மட்டும் இருபத்தெட்டு ஜோடி. டாக்டர் மட்டும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, "யாரும் அழக்கூடாது, கட்டு நனையக்கூடாது, அழக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கட்டு இல்லை, அதனால் அவர் அழுதார்.

மூன்று நாள் கழித்துக் கட்டுப் பிரித்தோம். இரண்டு பேருக்கு நினைத்த அளவு பார்வை வரவில்லை. அதற்கும் தேருக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் நான் அந்த இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்கில் போய்வந்தேன். நீங்களும் போவீர்கள். வெற்றிகள் உங்களைத் தேடிவரும், மற்றவர்களை நீங்கள்தான் தேடிப்போக வேண்டும்.

ஏழாம் நம்பரைக் கடைசியாகப் பிரித்தார். அவர் முழங்கை ஊன்றியதிலிருந்து டாக்டர் சரியாகத் தூங்கவில்லை. துணியை எடுத்து, பஞ்சை எடுத்து, விரலைக் காட்டி எத்தனை என்றார். மருதை விரலைப் பார்க்காமல் டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு. இந்தக் கைதானா என் தலையைப் பிடிச்சது?" என்றார்.

தடிக் கண்ணாடி வந்ததும், நாற்பது வருஷம் சக்கரத்தையே பார்த்துக் குனிந்திருந்த மனிதர் ஒருமுறையாவது தேரின்மேல் பெருமாளை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று நாங்கள் எங்களுக்குள் தீர்மானம் போட்டோம். அதாவது நான் போட்டேன். அடுத்த சித்திரையில் முகாமை வேறு மாதத்துக்கு மாற்றிவிட்டு, மருதைக்குத் தெற்கு வீதியில் ஒரு வீட்டு வாசலில் உயரமாக நாற்காலி போட்டு, மறைக்கிறவர்களை விலக்க இரண்டு உறுப்பினர்களையும் நிறுத்தினேன். தேர் வந்தது, போயிற்று. நான் ஓடிப்போய், பார்த்தீர்களா, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்லாப் பாத்தேன் தம்பி. வலப்பக்கச் சக்கரத்துல ரெண்டு ஆணி தளந்திருக்கு. போயிச் சொல்லிட்டு வந்திடுறேன்."

நாற்காலியிலிருந்து இறங்கி, தேரின் பின்னால் வேகமாக நடந்தார்.